ஒரே மாதத்தில் ஏழு ஞானஸ்நானம்

கோயிலுக்குப் பின்னால் நின்ற பாலை மரத்தடியில், குடும்பஸ்தர் பதினாறு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு மணலில் இருந்தார்கள். சுவாமியார் ஒரு பூவரசந் தடியால் நிலத்தில் கோடு கீறிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனாலும் அவருடைய காது இரண்டும் செவ்வரத்தம்பூ நிறத்தில் இருந்தன.

நான் கோயில் குசினியில் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். குசினி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு மரக் கப்பு, மேலே கிடுகுக் கூரை, மூன்று கல் அடுப்பு. அங்கிருந்து மரத்தடி தெரியும், பேச்சுக் கேட்காது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது "தண்ணி முறை" என்று ஒரு துண்டு வந்தது. வயலுக்குத் தண்ணீர் விடுகிற கூட்டமாக்கும் என்று நினைத்தேன்.

தேத்தண்ணீரைக் கொண்டு போனேன். பத்தடி இருக்கும்போதே சுவாமியார் கையை நீட்டி மறித்தார்.

"றீத்தம்மா, அதிலை வைச்சிட்டுப் போம். கிட்ட வராதையும்."

சொல்லிக்கொண்டே கீறிய கோட்டைக் காலால் அழித்தார். பதினாறு ஆம்பிளைகளும் பாலை மரத்து உச்சியைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என்னுடைய மனிசன் அருளப்பு.

அன்றைக்கு அங்கே படிப்பித்தது எங்கள் உடம்பைப் பற்றி. எங்களில் ஒருத்திக்கும் அந்த வகுப்பில் இடமில்லை.

டொக்டர் சொன்ன கதை

இந்த வகுப்புக்குக் காரணமே நான்தான்.

முள்ளியவளைக்கு அப்பால், குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் கொடுத்த காலனியில் நாங்கள் குடியேறி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. சுற்றிவரச் சைவக் குடும்பங்கள், நடுவில் இருபது கத்தோலிக்க வீடு. சுவாமியார் பங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து பூசை வைப்பார். அவர் வராத ஞாயிறுகளில் செபம் சொல்லிக் கொடுக்கிறவர் கோயில் மூப்பர். அது அருளப்பு.

நாலாவது பிள்ளை பிறந்தபோது எனக்கு இரத்தம் நிற்கவில்லை. எப்படியோ பிழைத்தேன். டொக்டர் என்னை விட்டுவிட்டு இவரைக் கூப்பிட்டு, "இன்னொரு பிள்ளை எண்டால் தாயை நான் பொறுப்பெடுக்க ஏலாது" என்று சொன்னாராம். இவர் அதை என்னிடம் சொல்லவில்லை. சாமான் கட்டி வருகிற பழைய பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். உலகத்துச் செய்தியெல்லாம் எனக்குத் தெரியும், என் செய்தி தெரியாது. ஒரு மாதம் கழித்து மருத்துவிச்சி பரமேஸ் மிஸ்ஸிதான் சொன்னார்.

பரமேஸ் மிஸ்ஸி சாவகச்சேரிப் பக்கத்துச் சைவ வெள்ளாளப் பெண். அரசாங்க வேலை, வெள்ளைச் சேலை, கறுத்த சைக்கிள். எந்தப் படலையையும் மணி அடித்துக்கொண்டே திறப்பார். குடும்பக் கட்டுப்பாட்டுக் கதையை எடுத்தால் மட்டும் கத்தோலிக்க வீடுகளில் அவருக்குத் தேத்தண்ணீர் கிடைக்கும், காது கிடைக்காது. ஏனென்றால் எங்கள் சபையின் சட்டம் எல்லோருக்கும் பாடம். கருத்தடைக் குளிசை கூடாது. உள்ளே வைக்கிற கருவி கூடாது. ஒப்பரேசன் கூடாது. வயிற்றில் வந்ததைக் கலைப்பதைப் பற்றிப் பேசவே கூடாது. ஒன்று மட்டும் செய்யலாம். மாதத்தில் கரு தங்காத நாட்கள் என்று கடவுளே சில நாட்களை வைத்திருக்கிறார், அவற்றைப் பார்த்து நடக்கலாம்.

எந்த நாட்கள் என்று யாருக்குத் தெரியும்?

இவர் சுவாமியாரிடம் போய்க் கேட்டார். சுவாமியாருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும், தீவுப் பகுதி ஆள். நல்ல மனிதர். ஏதோ ஒரு இங்கிலீசுப் புத்தகத்தைப் படித்துவிட்டு, இது மூப்பருக்கு மட்டுமில்லை எல்லோருக்கும் உதவும் என்று வகுப்பு வைத்தார். பெண்களிடம் பேச வெட்கம். அதனால் ஆம்பிளைகளுக்கு. ஆம்பிளைகளிடமும் நேரே சொல்ல வெட்கம். அதனால் தண்ணீரை இழுத்தார்.

மதலேனம்மாவின் வாய்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கு ஆட்களின் சொல்லைச் சேர்த்து வைக்கிற பழக்கம் உண்டு. சிலர் முத்திரை சேர்ப்பார்கள், சிலர் சங்கு சேர்ப்பார்கள். நான் யார் எந்தப் படலையடியில் நின்று என்ன சொன்னார்கள் என்று சேர்த்தேன். அந்தப் பெட்டியில் பாதி, பக்கத்து வீட்டு மதலேனம்மாவுடையது.

மதலேனம்மாவுக்கு அப்போதே எட்டுப் பிள்ளைகள். மனிசன் சந்தியாப்பிள்ளை வாய் திறக்காத ஆள். "எங்கட வீட்டிலை ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாய்தான், அதை நான் எடுத்திட்டன்" என்பாள்.

வகுப்பு முடிந்து வரும் வழியில் நாங்கள் இருவரும் பின்னால், ஆம்பிளைகள் இருவரும் முன்னால்.

"என்னவாம் சுவாமி சொன்னவர்?" என்று நான் கேட்டேன்.

"அது ஆம்பிளையளின்ர விசயம். நீர் பேசாமல் வாரும்" என்றார் இவர்.

"பெறுறது நாங்கள், விசயம் அவையின்ரை" என்றாள் மதலேனம்மா. "றீத்தா, சுவாமிக்குக் கலியாணத்தைப் பற்றித் தெரிஞ்சது, எனக்கு ஏறோப்பிளேன் ஓட்டத் தெரிஞ்ச அளவு. ஆனால் நல்ல மனிசன். வெட்கப்படேக்கை வடிவாயும் இருக்கிறார்."

முன்னால் போன சந்தியாப்பிள்ளை இருமினார். அந்த வீட்டில் அதற்குப் பெயர் கண்டிப்பு.

அந்த நாட்களில் குளிசையைப் பற்றிப் பாப்பரசர் யோசிக்கிறார் என்று ஒரு பேச்சு இருந்தது. பெரிய பெரிய ஆட்களைக் கூப்பிட்டு வைத்து உரோமாபுரியில் ஆராய்கிறார்கள், முடிவு வரும், அதுவரை பொறுங்கள் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். மதலேனம்மா கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவை யோசிச்சு முடிக்கிறதுக்குள்ளை எனக்கு எல்லாம் நிண்டிடும்."

கரிக்கோடு

வீட்டுக்கு வந்ததும் அருளப்பு அடுப்பில் ஒரு கரித்துண்டு எடுத்தார். குசினிக் கதவின் உட்பக்கத்தில் கோடு போடத் தொடங்கினார்.

"ஏழு கோட்டுக்குப் பயமில்லை. பிறகு பன்ரெண்டு கோடு விரதம். பிறகு திருப்பியும் பயமில்லை" என்றார். செபம் சொல்லிக் கொடுக்கிற அதே குரல்.

"எதிலை இருந்து ஒண்டு?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தண்ணி முறை எண்ணுற மாதிரித்தான்."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் உடம்பின் நாட்களை அவர் கதவில் எழுதி வைத்திருந்தார், நான் அந்தக் கதவைத் திறந்து சோறு ஆக்கினேன். ஒவ்வொரு மாதமும் எனக்குச் சுகமில்லாமல் வந்தால் அவருக்குச் சொல்ல வேண்டும், முடிந்தாலும் சொல்ல வேண்டும். அவர் கரித்துண்டை எடுப்பார்.

விரத நாட்களில் ஆம்பிளைகள் வயல் காவல் கொட்டிலுக்குப் போய்ப் படுத்தார்கள். பன்றிக் காவல் என்று பெயர். அந்த வருடம் எங்கள் வாய்க்கால் பக்கம் பன்றி ஒரு கதிர்கூடத் தின்னவில்லை. சைவக்காரர்களுக்கு ஆச்சரியம். "வேதக்காரர் இவ்வளவு பொறுப்பான ஆக்கள் எண்டு தெரியாமல் போச்சு" என்று ஒருவர் சொன்னதாக மதலேனம்மா கொண்டு வந்து தந்தாள்.

மூன்று மாதம் ஒழுங்காகத்தான் போனது.

வாய்க்கால் படியில்

நாலாம் மாதம் ஒரு காலை, நெல் அவித்துக்கொண்டிருந்தேன். அவிகிற நெல்லின் மணம் எனக்குப் பிடிக்கும். அன்று அந்த ஆவி முகத்தில் பட்டதும் ஓடிப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்துச் சத்தி எடுத்தேன். எடுத்து முடித்து நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் மதலேனம்மாவும் அதே வேலையில் நிற்கிறாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நீயுமோடி?" என்றாள்.

அந்தக் கிழமை வாய்க்காலில் குளிக்கும்போது ஒவ்வொருத்தியாகச் செய்தி வந்தது. ஒருத்திக்குப் புளி வேண்டுமாம். ஒருத்தி சவர்க்கார மணத்துக்கே மூக்கைப் பொத்தினாள். மதலேனம்மா உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்துகொண்டு விரல் மடித்தாள். எல்லாம் எங்கள் கோயில் பெண்கள். ஏழு பேர்.

"வகுப்பிலை பதினாறு பேர் படிச்சவை. ஏழு பேர் பாஸ்" என்றாள்.

படித்துறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் முங்கினேன். அழுதால் தெரியாத இடம் அது ஒன்றுதான்.

மிஸ்ஸி சிரித்த சிரிப்பு

பரமேஸ் மிஸ்ஸி கர்ப்பிணித் தாய்மாருக்கு மட்டை எழுத வந்தார். கடைசியாகச் சுகமில்லாமல் வந்தது எப்போது என்று கேட்டார். நான் கதவைக் காட்டினேன்.

"இது என்ன பிள்ளை, பால் கணக்கோ?"

சொன்னேன். மிஸ்ஸி கிட்டப் போய்க் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அருளப்பு வயலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி அவரைக் கூப்பிட்டார்.

"அருளப்பண்ணை, இந்த முதலாம் கோடு எந்த நாள்?"

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். "எல்லாம் முடிஞ்ச அடுத்த நாள்."

"முடிஞ்ச அடுத்த நாளோ? தொடங்கின நாளெல்லோ ஒண்டு."

"தண்ணி முறையிலை அப்பிடி இல்லை மிஸ்ஸி."

இதை வன்னிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டும். குளத்து வாய்க்காலில் ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர். தண்ணீர் பாய்கிற நாட்களை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டோம். மடையைப் பூட்டிய அடுத்த நாள்தான் ஒன்று. குளத்துக்குக் கீழே வாழ்கிற யாரும் வேறு விதமாக எண்ணமாட்டார்கள். சுவாமியார் தீவு ஆள். அங்கே கிணறும் துலாவும்தான். "உங்கட தண்ணி முறை எண்ணுற மாதிரி எண்ணுங்கோ" என்று அவர் சொன்னபோது, தண்ணீர் வந்த நாளில் தொடங்குவார்கள் என்று நினைத்திருக்கிறார். பதினாறு பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஐந்து நாள் தள்ளிப் போய்விட்டது. கரு தங்குகிற நாட்களிலேயே பாதியைப் பயமில்லை என்று கதவில் எழுதி வைத்திருந்தோம்.

மிஸ்ஸி சிரிக்கத் தொடங்கினார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். மற்ற ஆறு பேருக்கும் இது பகிடி, எனக்கு இல்லை என்று அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பை அப்படியே விழுங்கினார்.

"இரு பிள்ளை. நான் ஒரு இடத்துக்குப் போட்டு வாறன்" என்று சைக்கிளில் ஏறினார்.

போத்தல்

மிஸ்ஸி எங்கே போனார் என்பதற்கு முன்னால் போத்தலின் கதையைச் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் அருளப்பு விடிய வெளிக்கிட்டு, மல்லாவிப் பக்கம் போய், இருட்டிய பிறகு திரும்பி வந்தார். சைக்கிள் பையில் ஒரு போத்தல். தேங்காய்ப் பொச்சால் அடைத்திருந்தது. உள்ளே கறுப்பாக ஏதோ.

"என்ன இது?"

"மருந்து. குடியும்."

"எதுக்கு மருந்து?"

அவர் சைக்கிளை வேலியில் சாத்தினார்.

"மூப்பர் வாங்கிற மருந்தோ இது?"

"மூப்பர் வாங்கேல்லை" என்றார். "நாலு பிள்ளையளின்ர தேப்பன் வாங்கினது."

நான் அந்தப் போத்தலை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். நாலு நாள் அது அங்கே இருந்தது. பாவத்துக்குப் பயந்து குடிக்கவில்லை என்று எழுதினால் பாதிதான் உண்மை. முதல் நாள் பொச்சைக் கழற்றி மணந்து பார்த்தேன். இரண்டாம் நாள் கோப்பையில் கொஞ்சம் ஊற்றித் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றினேன். நாலு பிள்ளைகள் தாயில்லாமல் நிற்பதையும் யோசித்தேன், உள்ளே இருக்கிற ஐந்தாவதையும் யோசித்தேன். ஐந்தும் எனக்கு ஒரே பக்கம்தான் நின்றன.

முல்லைத்தீவுக் கரையில் நான் சிறு பெட்டையாக இருந்தபோது, எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் இருந்தாள். வலை பொத்தும்போது எல்லோரையும் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். இப்படி ஒரு கசாயத்தைக் குடித்துத்தான் போனாள். அவளைக் கொண்டு போனபோது கோயில் மணி அடிக்கவில்லை. யாரும் அடிக்க வேண்டாம் என்று சொன்னார்களோ, அடிக்கிறவர் தானாக விட்டாரோ தெரியாது. அந்த அடிக்காத மணி எனக்குப் பல வருடம் கேட்டது. அவளைக் குற்றம் சொல்ல அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

சுவாமியார் வந்தார்

பரமேஸ் மிஸ்ஸி போன இடம், சுவாமியாரின் அறைவீடு. பத்துக்கட்டை தூரம் சைக்கிள் மிதித்துப் போய், ஒரு சைவக்காரி, சுவாமியாரை முற்றத்தில் வைத்தே கிழித்துவிட்டார். பிறகு அவரே சொன்னார்: "சாமி எண்டும் பாக்கேல்லை. பொம்பிளையளின்ர உடம்பைப் பற்றிப் படிப்பிக்கிறதெண்டால் பொம்பிளையளைக் கூப்பிட்டிருக்க வேணும், இல்லாட்டி என்னைக் கேட்டிருக்க வேணும் எண்டனான். மனிசன் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லேல்லை. அதுதான் எனக்கு அந்தரமாப் போச்சு."

ஐந்தாம் நாள் மத்தியானம் மோட்டார் சைக்கிள் எங்கள் படலையில் நின்றது. சுவாமியார் கதிரையில் இருந்தார். தண்ணீர் கேட்டார், வாங்கினார், குடிக்கவில்லை.

"றீத்தம்மா, பிழை என்ரை" என்றார்.

நான் உள்ளே போய்ப் போத்தலை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அருளப்பு கப்பைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தார். சுவாமியார் பொச்சைக் கழற்றி மணந்தார்.

"இதுக்கு நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். உள்ளை இருக்கிறதும் ஒரு உயிர். அதை எடுக்க எனக்கும் உரிமை இல்லை, உமக்கும் இல்லை."

"அப்ப என்ர உயிர், சுவாமி?"

"அதுக்குத்தான் வந்தனான்" என்றார். "வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு மோட்டச் சைக்கிள்ளை ஏறிப் போற வேலைக்கு வரேல்லை. டொக்டரோடை கதைச்சிட்டன். கடைசி ரெண்டு மாதம் நீர் பட்டணத்திலை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலை சிஸ்டர்மாரோடை இருக்கிறீர். இரத்தம் தேவைப்படுமாம். அதை நான் பாக்கிறன்."

போத்தலை நானே வேலியோரம் ஊற்றினேன். இரண்டு நாளில் அந்த இடத்துப் புல் கருகிக் கிடந்தது. அருளப்பு அதைப் பார்த்துக்கொண்டு கன நேரம் நின்றார்.

அதற்கிடையில் இன்னொரு வகுப்பும் நடந்தது. இந்த முறை கோயில் குசினியில், பெண்களுக்கு. படிப்பித்தது பரமேஸ் மிஸ்ஸி. ஏற்கெனவே வயிறு வைத்த ஏழு பேரும் முன் வரிசையில் இருந்தோம். "இனிப் படிச்சென்ன" என்றாள் மதலேனம்மா, ஆனாலும் கேள்வி கேட்டதெல்லாம் அவள்தான். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தவர் சுவாமியார். சீனி போட மறந்துவிட்டார்.

உழவு மெசின் பெட்டியில்

பிள்ளைகள் நாலையும் மதலேனம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். "எட்டோடை நாலு பன்ரெண்டு. அப்போஸ்தலர் கணக்குச் சரி" என்று வாங்கிக்கொண்டாள்.

மாதம் நிறைந்ததும் வயிற்றுக்குத்து வந்தது. பெட்டைப் பிள்ளை. அது வீறிட்டு அழுதது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு எல்லாம் தூரத்தில் கேட்டது. டொக்டர் பயந்ததுதான் நடந்தது.

எனக்கு நினைவு திரும்பியபோது அடுத்த நாள் பகல். நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். சுவாமியார் அதற்கு முந்தின கிழமையே உழவு மெசின் பெட்டியில் ஏழு கணவன்மாரையும் ஏற்றிக்கொண்டு வந்து இரத்தம் பரிசோதித்து வைத்திருக்கிறார். ஊசி என்றதும் இருவர் மயங்கி விழுந்தார்களாம். முதலாவதாகக் கையை நீட்டியவர் சுவாமியார், ஆனால் அவருடைய இரத்தம் எனக்குப் பொருந்தவில்லை. பொருந்தியது இரண்டு பேருடையது. ஒருவர் அருளப்பு இல்லை. மற்றவரும் அருளப்பு இல்லை. அதில் ஒருவர் சந்தியாப்பிள்ளை.

மதலேனம்மா தன் வயிற்றையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"என்ர மனிசன்ர இரத்தம் உனக்குள்ளை ஓடுது. இனி நீயும் ஒரு கதையும் இல்லாமல் இருமிக்கொண்டு திரியப்போறாய்" என்றாள். பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஒரு கடதாசி

மூன்றாம் நாள் டொக்டர் ஒரு கடதாசியோடு வந்தார். இனிப் பிள்ளை பிறக்காமல் செய்கிற ஒப்பரேசன். கணவன் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த தடவை இரத்தம் கொடுக்க ஆள் தேட நேரம் இருக்காது என்று மட்டும் சொன்னார்.

என் கட்டில் கதவோரம். வெளியே விறாந்தையில் அருளப்புவும் சுவாமியாரும் நின்றது எனக்குத் தெரிந்தது, பேசியதும் கேட்டது.

"சுவாமி, வைக்கட்டோ?"

"சபை கூடாது எண்டு சொல்லுது அருளப்பர். அதை நான் உமக்கு மறைக்க ஏலாது."

"அது தெரியும். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

விறாந்தையில் யாரோ ஒருவர் வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் மட்டும்.

"நான் ஒருக்கால் உங்களுக்குச் சொல்லி, ஏழு பிள்ளை" என்றார். "இந்தமுறை அவவைக் கேளும்."

அருளப்பு உள்ளே வந்தார். கடதாசியைக் கட்டிலில் வைத்தார். கலியாணம் கட்டிப் பத்து வருடத்தில், அவர் என்னிடம் ஒன்றைக் கேட்பதற்கு வந்து நின்றது அதுதான் முதல்தரம்.

"வைச்சால் ரெண்டு பேரும் நன்மை எடுக்க ஏலாமல் வரும், றீத்தா" என்றார். நற்கருணை வாங்குவதை நாங்கள் நன்மை எடுப்பது என்போம்.

"தெரியும். வையுங்கோ."

வைத்தார்.

பின் வாங்கில்

அந்த மாதம் கோயில் புத்தகத்தில் ஏழு ஞானஸ்நானம். எங்கள் பிள்ளைக்குச் சந்தியாப்பிள்ளை ஞானத்தகப்பன். அருளப்பு தானாகவே மூப்பர் வேலையை விட்டு, கோயில் கதவுத் திறப்பைக் கொடுத்தார். நாங்கள் பூசைக்குப் போனோம், பின் வாங்கில் பலகையில் இருந்தோம். எல்லோரும் எழும்பி நன்மை எடுக்கக் கிராதிக்குப் போகும்போது நாங்கள் இருந்த இடத்தில் இருந்தோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. தடுத்தது நாங்களே.

மதலேனம்மா ஒருநாள் சொன்னாள்: "நான் எண்டால் வைக்க விடமாட்டன். கடவுள் தாறதை எண்ணிப்பாத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எனக்கு டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை. உனக்குச் சொன்னவர்." அவள் பத்துப் பெற்றாள். பத்தையும் சபை சொன்னபடி பெற்றாள், சந்தோசமாகப் பெற்றாள். அவளைப் பட்டிக்காடு என்று யாராவது சொன்னால் நான் இன்றும் சண்டைக்குப் போவேன்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. உரோமாபுரி யோசிக்கிறதுதானே. குளிசைக்கு ஓம் என்றால், நான் செய்ததையும் கொஞ்சம் கண்ணை மூடிப் பார்ப்பார்கள். மூன்று வருடம் அப்படிக் காத்திருந்தேன். பிறகு பாப்பரசரின் கடிதம் வந்தது. கூடாது என்று. சுவாமியார் அதைப் பற்றி ஆயர் ஆண்டவர் அனுப்பிய அறிக்கையைப் பிரசங்கத்தில் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். வாசிக்கும்போது ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெரிய வியாழன்

இனி எழுதப்போவதற்குக் கடிதங்கள் வரும். வரட்டும். சுவாமியார் இப்போது உயிரோடு இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அடுத்த பெரிய வியாழன் பின்னேரம், பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இவர் எனக்கு முன்னமே போய் வந்திருந்தார். என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுவாமியார். கோபம், புறணி, பிள்ளைகளுக்கு அடித்தது எல்லாம் சொன்னேன்.

"வேறை?"

"ஒண்டு இருக்கு சுவாமி. உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சாலும் நீர்தான் சொல்ல வேணும்."

"ஒப்பரேசன் செய்தது. ஆனால் அது பிழை எண்டு எனக்கு மனஸ்தாபம் வருகுதில்லை. வரப்பண்ணிப் பாத்தன் சுவாமி, முழங்காலிலை நிண்டு பாத்தன். பிள்ளையள் ஐஞ்சும் கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு சாப்பிட இருக்கேக்கை வருகுதில்லை."

"மனஸ்தாபம் இல்லாமல் நான் மன்னிப்புத் தர ஏலாது. இருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். கனபேர் அப்பிடிப் போறவை."

"உங்களுக்குச் சொல்லலாம். பீடத்திலை இருக்கிறவருக்குத் தெரியும்தானே."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பலகை கிரீச்சிட்டது. எழும்பிப் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாத்தினார்கள்.

"அண்டைக்கு விறாந்தையிலை நிண்டு அருளப்பரைத் தடுக்காமல் விட்டதுக்கு, நானும் மூண்டு வருசத்துக்கு மேலை மனஸ்தாபப்படப் பாக்கிறன்" என்றார் சுவாமியார். "எனக்கும் வருகுதில்லை."

பிறகு பாவமன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கினார். குரல் மெல்லியதாக இருந்தது, ஆனால் கடைசிவரை சொன்னார்.

"அபராதமாக மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லும். ஏலுமெண்டால் எனக்கும் ஒண்டு."

பூசை தொடங்க நேரம் இருந்தது. நான் நடந்து போய் முன் வாங்கிலில் முழங்காலிட்டேன். கொஞ்ச நேரத்தில் அருளப்பு வந்து பக்கத்தில் முழங்காலிட்டார். நாலு மந்திரம். முதலில் சுவாமியாருக்குரியதைச் சொன்னேன்.